முந்நூற்று இருபத்தைந்து ரூபாய்ப் பரிசு

எங்கள் கல்லூரியின் அறக்கட்டளைப் பதிவேடு, பச்சைத் துணி அட்டை போட்ட, முனைகள் நைந்துபோன ஒரு நீள நோட்டு. மாசி மாதத்தில் பரிசளிப்பு விழா நெருங்கும்போது முதல்வர் அறையின் இரும்பு பீரோவிலிருந்து அது வெளியே வரும். அவ்வாண்டுப் பரிசுக் குழுவுக்கு யார் ஒருங்கிணைப்பாளரோ அவர் மேசையில் இரண்டு வாரம் கிடந்துவிட்டு மறுபடியும் பீரோவுக்குள் போய்விடும். இந்த ஆண்டு அது என் மேசைக்கு வந்தது. கலைப்புலத்தின் தமிழ், வரலாறு, ஆங்கிலம், பொருளியல் ஆகிய துறைகளுக்கு அதில் முப்பத்தொரு பரிசுகள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலானவை 1982ஆம் ஆண்டுக்குப் பிற்பட்டவை. அதாவது, இப்பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து, கோவையில் புதிதாகத் தொடங்கப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பிறகு, நமக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வந்துவிட்டது என்ற உற்சாகத்தில் உள்ளூர்க்காரர்கள் மனமுவந்து கொடுத்தவை.

1988இல் எழுதப்பட்ட ஒரு பதிவில் என் விரல் நின்றது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர், இளங்கலைத் தமிழ் இறுதியாண்டில் முதல் மதிப்பெண் பெறுபவருக்கு ஆண்டுதோறும் பரிசளிக்குமாறு, தம் தாயார் நினைவாக 5,000 ரூபாய் வைப்புத்தொகை கொடுத்திருக்கிறார். கொடையாளர் கையொப்பம் என்று அச்சிட்ட இடத்தில் ஓர் இடது பெருவிரல் ரேகை, ஊதா மை வெளிறிப்போய்ப் பழுப்பாகிக் கிடந்தது. தமிழில் முதலாவதாக வருபவருக்குப் பரிசு வைத்த மனிதருக்குத் தமிழ் எழுதத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் அந்தப் பக்கத்தைப் பலமுறை புரட்டியிருக்கிறேன். ரேகையை நான் கவனித்தது இதுவே முதன்முறை.

அந்த நாளில் வங்கி நூற்றுக்குப் பத்துக்குக் குறையாமல் வட்டி கொடுத்தது. ஆண்டுக்கு 500 ரூபாய் வந்தது. ஓராண்டுப் பாடப் புத்தகச் செலவு அதில் அடங்கிவிடும் என்று எங்கள் துறையின் பழைய தலைவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்று வட்டி ஆறரை. 5,000 ரூபாய்க்கு 325 ரூபாய். கல்லூரி அதற்கு ஒரு காசோலை எழுதி, உறையில் போட்டு, சிறப்பு விருந்தினர் கையால் மேடையில் வழங்குகிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதந்தோறும் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து விழுகிற காலத்தில், கைதட்டலோடு வழங்கப்படும் ஆண்டுப் பரிசு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கடந்த மூன்றாண்டுகளாக அந்தக் காசோலையை யாரும் வங்கியில் போடவே இல்லை என்பதைக் கணக்கர்தான் எனக்குச் சொன்னார். பரிசு பெற்ற ஒரு மாணவியைத் தொலைபேசியில் கேட்டேன். "உறையைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறோம் ஐயா, எடுக்க மனம் வரவில்லை" என்றாள். மரியாதையாகச் சொன்னாள், எனக்குக் காரணம் புரியாமல் இல்லை.

நம் பகுதிக் கோயில் சுவர்களில் உள்ள கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. சந்தியா தீபம் ஒன்று எரிப்பதற்காக இன்னார் இத்தனை பழஞ்சலாகை அச்சு என்னும் காசு கொடுத்தார், கோயில் சிவப்பிராமணர் அதைக் கைக்கொண்டு சந்திராதித்தவரை, அதாவது சந்திரனும் சூரியனும் உள்ளவரை, விளக்கெரிக்கக் கடமைப்பட்டனர் என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் அப்படியே இருக்க, அதன் பொலிசையிலிருந்து, அதாவது வட்டியிலிருந்து, எண்ணெய் வாங்கப்படும். சோழநாட்டில் இதையே ஆடுகளாகக் கொடுத்தார்கள். ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு, அவை குட்டி போட்டுப் பெருகித் தொகை குறையாமலிருப்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். எங்கள் பதிவேட்டுக்கும் அந்தக் கல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கல்லில் ஒப்புக்கொள்ளப்பட்டது விளக்கு. பொலிசை ஏறினாலும் இறங்கினாலும் விளக்கு எரிந்தாக வேண்டும். எங்கள் பதிவேட்டில் ஒப்புக்கொள்ளப்பட்டது வட்டி. வட்டி எவ்வளவோ அவ்வளவே பரிசு. எனவே 325 ரூபாய் வழங்கிய எங்கள் மீது எழுத்தளவில் எந்தக் குற்றமும் இல்லை.

இவையெல்லாம் மதிப்பெண்ணுக்கான பரிசுகள். நான்கு ஆண்டுகளுக்கு முன் இவற்றோடு வேறு வகையான ஒரு விருது சேர்ந்தது: சமூக ஈடுபாட்டில் சிறந்து விளங்கும் கலைப்புல மாணவருக்கான விருது. கேடயம், சான்றிதழ், 5,000 ரூபாய் ரொக்கம். 1994இல் நிறுவப்பட்ட தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு, அதாவது கல்லூரி வட்டாரத்தில் எல்லாரும் நாக் என்று சொல்லும் அந்தக் குழு, கல்லூரிகளை அளக்கும் ஏழு அளவுகோல்களில் மூன்றாவதில் ஆராய்ச்சியோடு விரிவாக்கப் பணியும் அடங்கும். மாணவர்கள் ஊருக்குள் போய் என்ன செய்தார்கள், எத்தனை பேர் போனார்கள், அதற்குச் சான்று என்ன என்ற கேள்விகளுக்குக் கோப்பு தயாராக இருக்க வேண்டும். எங்கள் விருது பிறந்தது அந்தக் கோப்பிலிருந்துதான். அதனால் விருதே பொய் என்று சொல்ல வரவில்லை; கோப்புக்காகத் தொடங்கி நன்றாக முடிந்த காரியங்களையும் நான் பார்த்திருக்கிறேன். ஆனால் விருதுக்குரியவரைத் தேர்ந்தெடுக்கும் மதிப்பீட்டுத் தாளைத் தயாரித்தவன் நான் என்பதை இங்கேயே எழுதிவிட வேண்டும். முகாம் வருகைக்கு 30, பங்கேற்ற நிகழ்ச்சிகளின் எண்ணிக்கைக்கு 20, ஊராட்சித் தலைவர் சான்றுக்கு 20, தேதியும் இடக்குறியும் பதிந்த ஒளிப்படங்களுக்கு 20, எழுத்தறிக்கைக்கு 10. ஒரு மழைநாள் மதியத்தில், தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்தேன். அப்போது அது நேர்மையான தாளாகவே எனக்குத் தோன்றியது. யாரும் யாருக்கும் சலுகை காட்ட முடியாது, கூட்டிப் பார்த்தால் விடை வந்துவிடும்.

நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக நான்கு ஆண்டுகள் இருந்தவன் என்பதால் முகாம்களைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது. காந்தியடிகளின் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய திட்டம் அது. 'நான் அல்ல, நீ' என்பது அதன் முழக்கம். ஒரு மாணவர் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். வீட்டில் தன் தட்டைக்கூடக் கழுவாத பையன், ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கழிவறையைக் கழுவிவிட்டு இரவில் அதே பள்ளி வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஏழு நாளில் சிலருக்கு நடக்கிற மாற்றம் மூன்றாண்டு வகுப்பில் நடப்பதில்லை.

ஆனாலும் கொடுமுடிப் பக்கம் ஓர் ஊரில் நடந்தது மறக்கவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தோம். கன்று ஒன்று, அதைச் சுற்றி நின்றவர்கள் பதினெட்டுப் பேர், பின்னால் பதாகை. வேலி ஓரம் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஓர் ஆத்தா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சாமி, போன வருசம் வந்த புள்ளைகளும் இந்தக் குழியிலதானுங்க செடி வெச்சாங்க. குழியை மாத்தக்கூடாதுங்களா?" கேலி ஒன்றுமில்லை, உண்மையாகவே அப்படி ஏதோ ஐதீகம் இருக்கும் என்று நினைத்துத்தான் கேட்டார். போன ஆண்டு வந்ததும் எங்கள் கல்லூரிதான். அந்தக் கன்று அவர் கையிலிருந்த ஆட்டுக்கோ அதன் தாய்க்கோ போயிருக்க வேண்டும்.

பொறியியல் கல்லூரிக்காரர்கள் ஓர் ஊருக்குப் போனால் தெருவிளக்கைச் சரிசெய்யலாம். வேளாண் மாணவர்கள் மண்ணைச் சோதித்துச் சொல்லலாம். மருத்துவ மாணவர்கள் வந்தால் ஊரே வரிசையில் நிற்கும். தமிழும் வரலாறும் படிக்கிற பிள்ளைகள் எதைக் கொண்டுபோவது என்ற கேள்வி எங்கள் துறைக் கூட்டத்தில் ஆண்டுதோறும் எழும், ஆண்டுதோறும் பார்த்தீனியச் செடி பிடுங்குவதில் போய் முடியும். ஒன்றிய அரசின் உன்னத் பாரத் திட்டம் 2014இல் வந்து ஐந்து ஊர்களைத் தத்தெடுக்கச் சொன்னபோதும், பிறகு பல்கலைக்கழக மானியக் குழு சமூக ஈடுபாட்டை 30 மணி நேர, இரண்டு மதிப்புப்புள்ளிப் பாடமாக வகுத்து, அதில் பாதி நேரமாவது களத்தில் கழிய வேண்டுமென்று நெறிமுறை வெளியிட்டபோதும் இந்தக் கேள்வி அப்படியே இருந்தது. தத்தெடுப்பு என்ற சொல்லே எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. ஆயிரம் ஆண்டாக இருக்கிற ஊரை, நேற்று முளைத்த நாங்கள் தத்தெடுப்பதாவது.

எனக்குக் கொஞ்சம் தெளிவு கிடைத்தது அரச்சலூரில். அங்கே நாகமலையில் ஓர் இயற்கைக் குகையில் தமிழி என்னும் பண்டைத் தமிழ் எழுத்தில் ஒரு பொறிப்பு இருக்கிறது, ஏறத்தாழக் கி.பி. 4ஆம் நூற்றாண்டினது. பள்ளித் தமிழாசிரியராகத் தொடங்கிக் கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளுக்கும் செப்பேடுகளுக்கும் ஓலைகளுக்கும் வாழ்நாளையே கொடுத்த புலவர் செ. இராசு 1960களின் தொடக்கத்தில் உலகறியச் செய்தது. தகர, தைகார ஒலிகள் வரிக்கு ஐந்தாக ஐந்து வரியில் அமைந்து, இடமிருந்து வலமாகப் படித்தாலும் மேலிருந்து கீழாகப் படித்தாலும் ஒன்றுபோலவே வருகின்றன. தாளக்கட்டாக இருக்கலாம், ஆடலுக்குரிய சொற்கட்டாக இருக்கலாம். அமைத்தவன் பெயரும் கூடவே இருக்கிறது: தேவன் சாத்தன், மணிகளின் தரம் பார்க்கும் வண்ணக்கன். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் வெளிப்பட்ட மணித் தொழிற்கூடங்களை நினைத்துக்கொண்டால், ஒரு மணி வண்ணக்கன் இங்கே மலையேறி வந்து தாளம் எழுதி வைத்ததில் வியப்பில்லை.

முகாமின் நான்காம் நாள் மாணவர்களை அங்கே கூட்டிப் போனேன். வழிகாட்ட வந்தவர் அந்தச் சரிவில் நாற்பது ஆண்டாக ஆடு மேய்த்தவர். வரலாற்றுத் துறை மாணவன் ஒருவன் எழுத்துகளை விரலால் தொடாமல் காற்றில் தடவிக்கொண்டே உரக்க வாசித்தான். மற்றவர்கள் தொடையில் தட்டித் தாளம் பிடிக்க முயன்று சிரித்தார்கள். அந்த மனிதர் சிரிக்கவில்லை. "எழுத்துனு தெரியுமுங்க. என்ன எழுத்துனு எங்கிட்ட ஒருத்தரும் சொன்னதில்லீங்க. எத்தனையோ காரு வந்துட்டுப் போயிருக்குது" என்றார். மறுநாள் மாலை அவர் தம் மருமகளையும் இரண்டு பேரப்பிள்ளைகளையும் முகாமுக்கு அழைத்துவந்து, அதே மாணவனை மறுபடி படித்துக் காட்டச் சொன்னார். அந்த ஏழு நாளில் ஊர்க்காரர் ஒருவர் தாமாகத் தேடிவந்து எங்களிடம் கேட்டு வாங்கிப்போனது அது ஒன்றைத்தான். ஆனால் அந்த ஆண்டறிக்கையில் அது 'கல்விச் சுற்றுலா' என்ற தலைப்பின் கீழே போய்விட்டது. விரிவாக்கப் பணிக்குரிய படிவத்தில் அதற்கேற்ற கட்டம் இல்லை.

இனி இவ்வாண்டு விருதுக்கு வருகிறேன். இரண்டு விண்ணப்பங்கள் எங்கள் முன் நின்றன.

முதலாவது பொருளியல் மாணவன் ஒருவனுடையது. பெருந்துறைப் பக்கம் வடமாநிலத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், வாரம் மூன்று மாலை, பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஓராண்டு, இடையில் தேர்வு மாதம் தவிர விடாமல். ஒளிப்படங்களெல்லாம் நண்பன் எடுத்தவை. என் தாளின்படி 88.

இரண்டாவது எங்கள் துறை மாணவியுடையது. பவானியில் ஜமக்காள நெசவாளர் வீட்டுப் பெண். 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த ஜமக்காளத்தின் குழித்தறிச் சொற்களை, சமூக ஈடுபாட்டுப் பாடத்துக்காக, ஒரு நாற்பது பக்க நோட்டில் தொகுத்திருந்தாள். இருநூற்றுக்கும் மேற்பட்ட சொற்கள். ஒவ்வொன்றுக்கும் பொருள், யார் சொன்னது, எந்த வேலையின்போது சொன்னது. அகராதிகளில் கிடைக்காத ஒன்றை அவள் கண்டுபிடித்திருந்தாள்: அந்த வீடுகளில் தறிச் சொற்கள் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. குழி, மிதி, அச்சு, விழுது, படிமரம் என்று தறியைச் சேர்ந்தவை குழியில் இறங்கி நெய்பவர் வாயில் புழங்குகின்றன. சிட்டம், ராட்டை, தார் என்று நூலைச் சேர்ந்தவை தார் சுற்றுகிற பெண்கள் வாயில். பெண்ணிடம் விழுதைப் பற்றிக் கேட்டால் "அவிங்களைக் கேளு" என்கிறார். ஆணிடம் சிட்டத்தின் நுணுக்கம் கேட்டால் "உள்ளே போய்க் கேளு" என்கிறார். ஒரே ஓட்டு வீட்டுக்குள் இரண்டு சொற்களஞ்சியங்கள். (அச்சு என்ற சொல் கல்வெட்டில் காசாகவும் தறியில் குறுக்கு நூலான ஊடையை அடித்துச் சேர்க்கும் கருவியாகவும் இருப்பதை அவளிடம் சொன்னபோது, "இரண்டும் அடிக்கிறதுதானே ஐயா" என்றாள். சரியா தவறா, எனக்கு அந்த விடை பிடித்திருந்தது.)

பணி நடக்கும்போது ஒருமுறை நானும் போயிருந்தேன். தரைமட்டத்துக்குத் தறி, கீழே குழிக்குள் கால்கள். தடித்த பருத்தி நூலில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஏறிக்கொண்டிருந்தது. அகலமான ஜமக்காளம் என்பதால் இருவர் அருகருகே அமர்ந்து, ஊடை நூலைக் கொண்டுபோகும் கட்டையை ஒருவர் தள்ள மற்றவர் வாங்கினார். நான் பேராசிரியத் தோரணையில், "இந்த ஓடம் என்ன மரத்தில் செய்வது?" என்று கேட்டேன். மூத்தவர் கையை நிறுத்தினார். "ஓடமுங்களா? அது ஆத்துல போறதுங்க. இது நாடாங்க." காவிரியும் பவானியும் கூடுகிற துறைக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் அப்படிக் கேட்டது என் தவறுதான். மாணவி நோட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது.

அவளுக்கு என் தாளின்படி வந்த மதிப்பெண் 40. முகாமுக்கு முழுமையாக வந்ததற்கு 30, அறிக்கைக்கு 10. ஊராட்சித் தலைவர் சான்று இல்லை, ஏனென்றால் பவானி நகராட்சி. அதைவிட, தன் பாட்டியிடம் பேசுவதற்கு யாரிடம் சான்று வாங்குவது என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஒளிப்படம் ஒன்றுகூட இல்லை. குழுவில் ஐந்து பேர். ஒருவர் கேட்டார்: "தன் வீட்டிலேயே, தன் சொந்தக்காரர்களிடமே செய்த வேலை எப்படிச் சமூக ஈடுபாடாகும்?" கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் உடனே பதில் சொல்லவில்லை. மேசையில் கிடந்த தாள் என் தாள். பிறகு சொன்னேன்: நாம் சமூகம் என்று சொல்லும்போதெல்லாம் பேருந்து ஏறிப் போய்ச் சேர்கிற இடத்தைத்தான் நினைக்கிறோம், நம் மாணவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்திலிருந்துதான் காலையில் பேருந்து ஏறி நம்மிடம் வருகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவளிடம், உன் வீட்டை விட்டுவிட்டு வேறோர் ஊருக்குப் போய்ச் சேவை செய் என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்னொருவர், "அப்படியானால் தாளை மாற்றுங்கள், இந்த ஆண்டுக்கு இந்தத் தாள்தான்" என்றார். அவர் சொன்னதே முறை. விருது பொருளியல் மாணவனுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தமில்லை, அந்தப் பையன் அதற்கு முழுத் தகுதியுடையவன். அவனை விழா மேடைக்கு அழைத்தபோது, குடியிருப்பிலிருந்து வந்திருந்த நான்கு சிறுவர்கள் அரங்கின் பின் வரிசையில் எழுந்து நின்று கத்தியது தமிழிலா இந்தியிலா என்று பிரித்தறிய முடியவில்லை.

என் மனம் மறுபடி பச்சை நோட்டின் பெருவிரல் ரேகைக்குப் போனது. மூன்றாண்டாக யாரும் மாற்றாத காசோலை. அதன் நிபந்தனையை மாற்றினால் என்ன? கொடையாளர் காலமாகிவிட்டார். பதிவேட்டு முகவரிக்குக் கடிதம் எழுதினோம். பத்து நாள் கழித்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார், சட்டைப் பையில் மஞ்சள் தூள் படிந்த கைக்குட்டை. பேரன். தம் குடும்பத்தின் பெயரில் இப்படி ஒரு பரிசு இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. 325 ரூபாய் என்றதும் முகம் சுண்டிவிட்டது. "எங்க அப்பாரு பேருல இத்தனூண்டா கொடுத்துக்கிட்டு இருக்கறீங்க?" என்றார். அப்பாரு என்றது தாத்தாவை. வட்டிக் கணக்கைச் சொன்னேன். மண்டிக்காரரிடம் வட்டிக் கணக்கை அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலோடு 50,000 ரூபாய் சேர்த்துத் தருவதாகச் சொன்னார். இன்றைய வட்டிக்கு அடுத்த ஆண்டிலிருந்து 3,575 ரூபாய் வரும். மதிப்பெண்ணுக்குப் பதிலாக, மாணவர் தம் ஊரைப் பற்றித் தாமே திரட்டி எழுதுவதற்குப் பரிசு என்று மாற்றவும் இசைந்தார். கையொப்பமிடும் முன் பேனாவை நிறுத்தி அவர் சேர்த்ததுதான் நான் எதிர்பாராதது.

"எங்க அப்பாருக்குப் படிக்கத் தெரியாதுங்க. அதனால பொழுதானா கணக்குப்பிள்ளையை மண்டியில எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சத்தமாப் படிக்கச் சொல்லுவாருங்க. மஞ்சள் கொண்டாந்த குடியானவங்க அங்கயே உக்காந்திருப்பாங்க. எடையில, வெலையில தப்பு இருந்தா அப்பவே சொல்லிப்போடுவாங்க. இந்தப் புள்ளைக எழுதறதையும் அந்த ஊருல வெச்சுப் படிச்சுக் காட்டோணுமுங்க. அப்பறமா பணத்தைக் குடுங்க."

அந்த வாசகத்தைக் குழு அப்படியே தீர்மானத்தில் ஏற்றியது. மொழியை மட்டும் நான் கொஞ்சம் வெளுத்துவிட்டேன், இப்போது அதற்காக வருந்துகிறேன். நிபந்தனை இவ்வாண்டே நடைமுறைக்கு வந்தது. பரிசு பவானி மாணவிக்கு. தொகை இன்னும் பழைய வட்டிதான்: 325 ரூபாய். ஜூன் முதல் வாரத் தேதியிட்ட காசோலை என்னிடம் தரப்பட்டது, வாசிப்பு முடிந்ததும் கொடுப்பதற்காக.

வாசிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பவானியில் அவர்கள் தெருவிலேயே ஒரு நீளத் திண்ணையில் நடந்தது. பதாகை இல்லை. முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் நம்ம வீட்டுப் பிள்ளை என்னதான் எழுதியிருக்கிறது என்று வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவள் நின்றுகொண்டு சொல்லையும் பொருளையும் வாசிக்கத் தொடங்கினாள். ஏழாவது சொல்லிலேயே முதல் திருத்தம் வந்தது. தாரும் தார்க்குச்சியும் ஒன்று என்று எழுதியிருந்தாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்தே விட்டார்: நூல் சுற்றினால்தான் தார், வெறுங்குச்சி எப்படித் தாராகும், வெறும் வயிற்றைச் சாப்பாடு என்பாயா? அதன் பிறகு யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. ஆண்கள் பெண்கள் பக்கத்துச் சொற்களில் தலையிட்டார்கள், பெண்கள் ஆண்களைத் திருத்தினார்கள், ஒரு சொல்லுக்குத் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சண்டையே வந்தது. மாணவி சிவப்புப் பேனாவால் தன் நோட்டைத் தானே திருத்திக்கொண்டிருந்தாள். எந்தப் புறத்தேர்வாளரும் ஓர் ஆய்வேட்டை இவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததில்லை.

கடைசியில், என்னை நாடாவுக்காகத் திருத்திய அதே பெரியவர் பேசினார். அதுவரை அவர் வாயைத் திறக்கவில்லை. "தறியில இருக்கிறது எல்லாத்தையும் எழுதிப்போட்டே அம்மிணி, ஆணி மொளைகூட விட்டுப்போகல. முன்பணம்னு ஒரு வார்த்தை இருக்குது. அதை எங்கயும் காணமே?"

திண்ணை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. நெசவுக்கு வரும்போது வாங்கும் முன்பணம், அது தீராதவரை தறியை விட்டு வேறிடம் போக முடியாமல் கட்டிப்போடுவது, அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்த செய்தி. அவள் நோட்டில் கூலியைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. நாற்பது பக்கத்தையும் இருமுறை படித்துப் பத்துக்குப் பத்து போட்ட எனக்கும் அது தோன்றவில்லை.

திரும்பும்போது பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தாள். "அது தறிச் சொல் இல்லையென்று நினைத்துவிட்டேன் ஐயா" என்றாள். சிறிது தூரம் நடந்தபின், "எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைப் பிள்ளைகள் முன்னால் சொல்ல மாட்டார்கள்" என்றாள். காசோலை உறை என் பையில் இருந்தது, எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. கூலி, கடன் சொற்களையும் சேர்த்து எழுதி, மறுபடி அதே திண்ணையில் ஒருமுறை வாசித்துவிட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னாள்.

காசோலை எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ஆடிப் பதினெட்டுக்குள் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டிருந்தாள். கூடுதுறைக் கூட்டத்தில் தெருவே ஊரில் இருக்காது, அது கழியட்டும் என்று நேற்று செய்தி அனுப்பியிருக்கிறாள். நாளை கணக்கரிடம் போய்ப் புதுத் தேதி போட்டு எழுதித் தரச் சொல்ல வேண்டும். 325 ரூபாய்க்கு இத்தனை காசோலையா என்று அவர் கேட்பார்.